எங்கள் கடை போனை வேறொருவர் எடுக்கத் தொடங்கியபோது

மதுரையில் நானும் என் வீட்டுக்காரரும் ஏசி சர்வீஸ் தொழில் செய்கிறோம். அவரும் எங்களிடம் வேலை பார்க்கும் இரண்டு பையன்களும் வேலைக்குப் போவார்கள், கடை போன் என்னிடம் இருக்கும். ஒன்பது வருடம் அப்படித்தான் ஓடியது. அடுப்படியில் நின்றுகொண்டு, மகனைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில், ரேஷன் கடை வரிசையில் என்று எங்கேயும் அந்த போனை எடுத்துப் பேசியிருக்கிறேன். ஏணியில் நின்று அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிறவரால் போன் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆகவே நான் எடுத்தேன். அதை ஒரு வேலை என்று நாங்கள் இருவருமே கணக்கில் வைத்ததில்லை.

2024 மே மாதம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். கூட நான்தான் போனேன். காலை எட்டு மணிக்கு போனைச் சைலண்டில் போட்டு கைப்பைக்குள் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தால் 23 மிஸ்டு கால். கத்திரி வெயில் நேரம். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகத் திருப்பிக் கூப்பிட்டேன். 11 பேர், "வேற ஆள் வந்துட்டாங்கம்மா" என்றார்கள். நான்கு பேர் எடுக்கவே இல்லை. மிச்சம் எட்டுப் பேர்தான் எங்களுக்காகக் காத்திருந்தார்கள், அதில் ஆறு பேர் பழைய வாடிக்கையாளர்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் யாரும் குரல் பதிவு வைத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. கூகுளில் எங்கள் பெயருக்குக் கீழே இன்னும் பத்துப் பெயர் இருக்கிறது. நான் எடுக்காவிட்டால் விரல் அடுத்த எண்ணுக்குப் போகிறது, அவ்வளவுதான். வெயிலில் வெந்து, குழந்தை அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அப்படிச் செய்வதில் தப்பும் இல்லை.

முதலில் ஆளே இல்லாத ஏற்பாட்டைப் பார்த்தோம். அழைத்தவுடன் பதிவு செய்த குரல் வணக்கம் சொல்லி, புது வேலைக்கு ஒன்று, ஏற்கெனவே சொன்ன வேலைக்கு இரண்டு என்று அழுத்தச் சொல்லும். இரண்டு வாரம்தான் வைத்திருந்தோம். பாதிப் பேர் வணக்கம் முடியும் முன்பே வைத்துவிட்டார்கள். வயதானவர்கள் அந்தக் குரலிடமே, "தம்பி, ஏசியில தண்ணி ஒழுகுதுப்பா" என்று பேசத் தொடங்கி, பதில் வராமல் வைத்திருக்கிறார்கள். ஒலிப்பதிவில் அதைக் கேட்டபோது எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. பல கிளைகள் உள்ள பெரிய கம்பெனிக்கு அது சரியாக இருக்கலாம். எங்களைக் கூப்பிடுகிறவர் ஒரு மனிதரைத்தான் கூப்பிடுகிறார்.

அப்புறம்தான் ஆள் வைத்து போன் எடுத்துத் தருகிற சேவைக்குப் போனோம். சென்னையில் இருந்த ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். அங்கே இருந்த பெண்கள் தன்மையாகப் பேசினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்கு மாதம் இருந்தோம். அதற்குள் இரண்டு விஷயம் நடந்தது. இரண்டிலும் பாதித் தவறு என்னுடையது என்று இப்போது புரிகிறது.

ஒரு நாள் காலை வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பில், முகவரி என்ற இடத்தில் 'ஐயர் அவர்களின் பங்களா, நத்தம் ரோடு அருகில்' என்று இருந்தது. பையன் புறப்பட்டுப் போய், நத்தம் ரோட்டில் பங்களா மாதிரி தெரிந்த வீடுகளில் எல்லாம் இங்கே ஐயர் வீடு எது என்று விசாரித்திருக்கிறான். மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐயர் பங்களா என்பது ஒரு ஏரியாவின் பெயர், பஸ் நிறுத்தம்கூட உண்டு. சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அழைத்தவர் தெருப் பெயரும் சொல்லியிருக்கிறார். தெரு எதற்கு, பங்களா என்றால் யாரும் காட்டுவார்கள் என்று நினைத்து அந்தப் பெண் அதை விட்டுவிட்டார். பையனுக்கு முக்கால் மணி நேரம் வீண்.

இன்னொன்று பணத்தில் கடித்தது. ஒருவர் கூப்பிட்டு, கேஸ் போட எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். நான் பழைய ரேட் தாள் ஒன்றை அவர்களுக்கு அனுப்பி வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "2,500 ரூபாய் சார்" என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஏசியில் கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வாக்குவம் போட்டு, அதற்குப் பிறகுதான் கேஸ். அதிலும் பழைய ஏசியில் ஆர்22 என்ற கேஸ் இருக்கும், சிலதில் ஆர்410ஏ, இப்போது வருவதில் பெரும்பாலும் ஆர்32. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. வீட்டுக்காரர் போய்ப் பார்த்தால் காயிலிலேயே ஓட்டை. அந்த வாடிக்கையாளர், "உங்க ஆபீஸ்ல 2,500னு சொன்னாங்களே" என்று நின்றுவிட்டார். சொன்ன சொல் எங்கள் சொல்தான். வீட்டுக்காரர் அதே பணத்துக்கு முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிரவு சாப்பிடும்போது அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த இரண்டுக்கும் பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் ஒன்பது வருடம் போனில் என்ன செய்துகொண்டிருந்தேன்? எந்த ஏரியாவுக்கு இன்று போக முடியாது, எதற்கு ரேட் சொல்லக் கூடாது, எந்தப் புகார் நாளைக்கு நிற்கும், எது ஒரு மணி நேரம்கூட நிற்காது, இதெல்லாம் என் மண்டைக்குள்ளேயே இருந்தது. எழுதி யாருக்கும் கொடுத்ததில்லை. போன் எடுப்பவருக்கு ஏசி ரிப்பேர் தெரிய வேண்டியதில்லை. எங்களால் எது முடியாது என்பது தெரிந்தாக வேண்டும். அதை நான் சொல்லிக் கொடுக்காமல், நல்ல குரல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். இரண்டு வாரம், வருகிற ஒவ்வொரு அழைப்பிலும் அவர்கள் என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதினேன். அழைப்பை முடித்ததும், அடுப்பில் என்ன இருந்தாலும், இரண்டு வரி. முடிவில் பார்த்தால் பெரும்பாலானவை ஆறே விதம்தான். கூலிங் வரவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, ஓடவே இல்லை, சத்தம் வருகிறது, சாதாரண சர்வீஸ், புதிதாக மாட்ட வேண்டும். இந்த ஆறுக்கும் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதினேன். கூலிங் வரவில்லை என்றால் ஸ்பிளிட்டா விண்டோவா, எத்தனையாவது மாடி, அவுட்டோர் எங்கே மாட்டியிருக்கிறது, அதன் ஃபேன் சுற்றுகிறதா, கடைசியாக சர்வீஸ் செய்தது எப்போது. அவுட்டோர் எங்கே என்ற கேள்வி மிக முக்கியம். மூன்றாவது மாடிச் சுவரின் வெளிப்பக்கம் தொங்குகிறது என்றால் ஒருவனை அனுப்ப முடியாது. கயிறும் இரண்டு ஆளும் வேண்டும்.

அந்த ஆறில் சேராத ஒன்றை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன். கருகல் வாடை வருகிறது, புகை வருகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால், பெயர், முகவரி எதுவும் முதலில் கேட்கக் கூடாது. "ரிமோட்ல ஆஃப் பண்ணினா போதாதுங்க, ஏசி எம்சிபியை இறக்கி விடுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். எம்சிபி என்றால் கரண்ட் டப்பாவில் ஏசிக்கென்று இருக்கும் சுவிட்ச். ரிமோட்டில் அணைத்தாலும் யூனிட்டுக்குள் கரண்ட் இருக்கும். எம்சிபி சூடாகக் கருகிப் போயிருந்தால் அதைத் தொடாமல் மெயினை இறக்கச் சொல்ல வேண்டும். இறக்கிவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் முகவரி. உடனே வீட்டுக்காரரின் சொந்த எண்ணுக்கு, அவர் எடுக்கும்வரை அடிக்க வேண்டும்.

இந்த நோட்டோடு மதுரையிலேயே ஆள் தேடினேன். ஒரு டாக்டரிடம் வேலை பார்க்கும் தோழி சொன்னாள். மாடியில் இரண்டு அறை, நான்கு பெண்கள், முப்பது கடைகளுக்கு மேல் போன் எடுக்கிறார்கள். கிளினிக், கேட்டரிங், பந்தல்காரர், டியூஷன் சென்டர் என்று எல்லாம் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். இந்தச் சேவைக்குப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். போய் உட்காருங்கள். விட மறுத்தால் அங்கே சேராதீர்கள்.

அவர்கள் ஒவ்வொரு கடைக்கும் தனி எண் ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். நம் போனுக்கு வரும் அழைப்பு அந்த எண்ணுக்குத் திரும்பும்போது, எந்தக் கடைக்கு வந்த அழைப்பு என்பது திரையில் தெரிகிறது. கூடவே அந்தக் கடையின் முதல் வரியும், கேள்விகளும் விரிகின்றன. என் பக்கத்தில் இருந்த தங்கச்சிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஹெட்செட்டின் ஒரு காதுப் பஞ்சு கிழிந்து, அதில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தாள். "வணக்கம், பல் ஆஸ்பத்திரிங்க" என்று மெதுவாகப் பேசி முடித்தவள், அடுத்த நொடி பந்தல் கடைக்கு, "சொல்லுங்கண்ணே, எந்த மண்டபம்?" என்று குரலை மாற்றினாள். ஒருவர் கத்தியபோது இவள் குரல் இன்னும் தணிந்தது. வைத்த பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "பொண்ணு கல்யாணமாம்க்கா, பதட்டம்" என்றாள். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அழைப்பைத் திருப்பிவிடுவதில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. எல்லா அழைப்பையும் நேராகத் திருப்பலாம். அது வேண்டாம். நாம் எடுக்காதபோது, வேறு அழைப்பில் இருக்கும்போது, சிக்னல் இல்லாமலோ சுவிட்ச் ஆஃப் ஆகியோ இருக்கும்போது, இந்த மூன்றுக்கும் தனித்தனியாகத் திருப்பும் வசதி போன் செட்டிங்கிலேயே இருக்கிறது. நான் இருந்தால் நான் எடுப்பேன், முடியாவிட்டால் அவர்களுக்குப் போகும். இரண்டு சிம் போட்டிருந்தால் எந்த சிம்முக்கு வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். எடுக்காதபோது திருப்புவதற்கான நேரத்தை 5 விநாடி முதல் 30 விநாடி வரை ஐந்து ஐந்தாக மாற்றலாம். எங்களுக்கு 15 சரியாக வந்தது. அதற்கு மேல் வைத்தால், திருப்பி விடுவதற்குள் ஆளே வைத்துவிடுகிறார்.

இதில் ஒரு எச்சரிக்கை. யாராவது போனில் கூப்பிட்டு, "இந்த நம்பரை அழுத்துங்க, ஃபார்வர்டு ஆகிடும்" என்றால் செய்யாதீர்கள். ஸ்டார் 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்த வைத்து, அழைப்பையெல்லாம் தங்கள் பக்கம் திருப்பி, ஓடிபியைக் கேட்டுப் பணத்தை எடுத்த மோசடிகள் நிறைய நடந்தன. அதனால் 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வழியில் ஃபார்வர்டு செய்வதை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. செட்டிங்கில் நீங்களே போய்ச் செய்யுங்கள், முடியவில்லை என்றால் சிம் கம்பெனி கடைக்குப் போங்கள். அதோடு, வங்கியில் கொடுத்த எண்ணும் கடை எண்ணும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஓடிபியைக் குரல் அழைப்பாகவும் அனுப்புவார்கள். நாம் எடுக்காவிட்டால் அது யார் காதுக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்தத் தங்கச்சி மேல் முழு நம்பிக்கை. இருந்தாலும் வங்கிக்கு வேறு எண் வாங்கிய பிறகுதான் ஃபார்வர்டு வைத்தேன்.

வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு இந்த வழியில் திரும்பாது. இது எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. போன் செய்தால் யாரோ எடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று இரண்டு பேர் கோபப்பட்டார்கள். இப்போது வாட்ஸ்அப் பிசினஸில், சாதாரண அழைப்பில் வாருங்கள் என்று தானாகப் போகும் செய்தி ஒன்று வைத்திருக்கிறோம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 2,500 ரூபாய், 150 அழைப்பு வரை. அதற்கு மேல் ஒரு அழைப்புக்கு 12 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. குளிர் மாதங்களில் 150-ஐத் தொடாது. 2025 மே மாதம் 412 வந்தது. பில் 6,660 ரூபாய். பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அதில் எழுபதுக்கு மேல் கடன் வேண்டுமா, விளம்பரம் வேண்டுமா என்று கேட்டவை. அதற்கெல்லாம் நாங்கள் ஏன் 12 ரூபாய் கட்ட வேண்டும்? போய்ப் பேசினேன். 20 விநாடிக்குள் முடிகிற அழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கிறது, ஆனால் கேட்க வேண்டும். அந்த மாதம் அவர்கள் வழியாக வந்த வேலை அந்த பில்லைப் போல் பல மடங்கு. அதனால் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அதே மே மாதம் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கியது 12-ஆம் தேதி. அதற்கு முந்தின நாள் எதிர்சேவையிலிருந்தே தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. சென்னைக்காரர்களாக இருந்தால் அந்த நாளிலும், "மதியம் 2 மணிக்கு ஆள் வருவார்" என்று சொல்லியிருப்பார்கள், தப்பும் சொல்ல முடியாது. இங்கே நான் ஒன்றும் சொல்லாமலே, செல்லூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் அழைப்புகளுக்கு, "சாமி மலைக்குத் திரும்புனதும் வர்றோம்ங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூர் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய வாடிக்கையாளர்களை நான் முன்கூட்டியே தயார் செய்யாதது பெரிய குறை. கே.கே. நகரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். புதுக் குரலைக் கேட்டதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். மறுபடி, மறுபடி. நாலாவது தடவை அந்தத் தங்கச்சியே, "வைக்காதீங்கம்மா, நம்ம ஏசி கடைதான்" என்று சொன்ன பிறகும் நம்பவில்லை. மாலையில் என்னிடம், "நீ கடையை வித்துட்டியோன்னு நினைச்சேன்மா" என்றார். அன்றைக்கே வழக்கமான வாடிக்கையாளர் நூற்றிருபது பேருக்கும், இனி நான் எடுக்க முடியாதபோது யார் பேசுவார்கள் என்று குரல் செய்தி அனுப்பினேன். அவர்கள் பெயரும் எண்ணும் உள்ள பட்டியலையும் அந்தப் பெண்களிடம் கொடுத்தேன். இப்போது டீச்சர் கூப்பிட்டால், "வணக்கம் டீச்சர்" என்றுதான் தொடங்குகிறார்கள்.

பட்டியல் கொடுத்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் மக்கள் எவ்வளவு சொல்கிறார்கள் தெரியுமா? "நாளைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை வரை ஊர்ல இருக்க மாட்டோம்." "நான் மட்டும்தான் இருக்கேன், பொம்பளைப் பிள்ளை, பார்த்து அனுப்புங்க." எந்த வீடு எப்போது பூட்டியிருக்கும், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் காதில் விழுகிறது. என் காதோடு இருந்தவரை கவலை இல்லை. மறுநாளே போய் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்கினேன். ஊருக்குப் போவதைப் பற்றியோ தனியாக இருப்பதைப் பற்றியோ குறிப்பில் எழுதக் கூடாது, வரவேண்டிய தேதி மட்டும் போதும். ஒலிப்பதிவு 30 நாளில் அழிய வேண்டும். எங்களை விட்டு விலகினால் பட்டியலும் அழிய வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி வீட்டுக் கதவைத் திறக்கிறவர்களுக்கு நாம் இதைச் செய்தாக வேண்டும்.

சிவப்பு மைப் பக்கம் இதுவரை ஒரு தடவை பயன்பட்டது. வில்லாபுரத்தில் ஒரு வீடு, இரவு ஒன்பதரை மணி. அழைத்தது பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா, அம்மா கடையில். ஏசியிலிருந்து ரப்பர் கருகுகிற வாடை. அந்தத் தங்கச்சி பதட்டப்படாமல், "தம்பி, கறுப்புச் சுவிட்ச் வரிசையா இருக்குற டப்பா எங்க இருக்கு? கை ஈரமா இருந்தா துடைச்சுக்கோ" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்க வைத்திருக்கிறாள். பையன் வெளியே வந்து பக்கத்து வீட்டில் நிற்கும்வரை லைனை விடவில்லை. வீட்டுக்காரர் போய்த் திறந்து பார்த்தால் டெர்மினல் ஒயர் லூஸாகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. அந்த ஒலிப்பதிவை மட்டும் 30 நாள் முடிவதற்குள் கேட்டேன். நான் பேசியிருந்தால்கூட அவ்வளவு நிதானமாகப் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை. அடுத்த நாள் ஒரு புது ஹெட்செட் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மாதத்தில் ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். விலை மாறியிருக்கும், ஒரு பையன் லீவில் இருப்பான், புது ஏரியா ஏதாவது சேர்ந்திருக்கும். போன வாரம் நான் போவதற்கு முன்பே அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, ஊமச்சிகுளத்துல இருந்து ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. நோட்டுல அது இல்லையே, போவீங்களா?"

வீட்டுக்காரரைக் கேட்டேன். போகலாம், ஆனால் ஐயர் பங்களா பக்கம் வேலை இருக்கிற நாளில் சேர்த்துப் போட்டால்தான் கட்டுப்படியாகும் என்றார். அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள், நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.